பாட்டு முதலில் வந்தது, படம் அறுபது வருஷம் கழித்து வந்தது

சில படங்களை நாம் முதலில் காதால்தான் பார்த்திருப்போம். 1964-ல் வெளியான ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை', தருவைகுளத்து மீனவர் ஒருவருக்கு அப்படித்தான் அறிமுகமானது. அப்போது அவருக்கு வயது 17. கடலுக்கு அந்தப் பக்கமிருந்து வரும் இலங்கை வானொலிதான் அவருக்குத் தியேட்டர். தூத்துக்குடிக்குப் போய் டிக்கெட் எடுக்கக் கையில் காசில்லை.

பாட்டுகள் எல்லாம் மனப்பாடம். அதில் ஒன்றுதான் உயிர். வேலை பறிபோன இளைஞன், முதலாளியின் பெயரைச் சொல்லி வேலை கேட்கும் பாட்டு. ஒரு குரல் கேட்க, கூட்டம் பதில் சொல்லும். கிட்டத்தட்ட ஊர்வலக் கோஷம்!

அந்த வருஷம் உப்பளத்தில் வேலைக்குச் சேர்ந்த அவரை, எதிர்த்துப் பேசினார் என்று நிறுத்திவிட்டார்கள். இரண்டு நாள் கூலி பாக்கி. நான்கு பேர் சேர்ந்து முதலாளி வீட்டு வாசலில் நின்று, கை தட்டி அந்தப் பாட்டையே பாடினார்கள். ஜன்னல் சாத்தப்பட்டது. கூலி வரவில்லை. மறு வாரம் மாமாவுடன் வள்ளத்தில் ஏறியவர், நாற்பது வருஷம் கடலிலேயே இருந்தார்.

போன மாதம் பேத்தியின் செல்போனில் முழுப் படத்தையும் முதன்முறையாகப் பார்த்தார். அதுவரை அவர் மனதில் ஓடிக்கொண்டிருந்தது ஒரு போராட்டப் படம். திரையில் ஓடியதோ சிரிப்புப் படம். புதுமுகம் ரவிச்சந்திரன் முதலாளி வீட்டுக்கு எதிரில் கூடாரம் போட்டு ஆடுகிறார். உள்ளே பாலையா கொதிக்கிறார். பாலையா யார்? இதே தூத்துக்குடி மாவட்டத்து சுண்டங்கோட்டையில் பிறந்தவர்! நாகேஷ் வாயாலேயே சத்தம் எழுப்பிப் பேய்க்கதை சொல்ல, பாலையாவின் முகம் வெளிறும் அந்தக் காட்சி வந்தபோது தாத்தாவுக்குக் கண்ணில் தண்ணீர்.

படம் முடிந்தும் சிரிப்பு நிற்கவில்லை.

"ஏன் தாத்தா சிரிக்கிய?"

"அவனுக்கு வேலையும் கெடச்சிட்டு, பொண்ணும் கெடச்சிட்டு. எனக்கு ரெண்டு நாள் கூலிகூட கெடைக்கலட்டி!"

அதே 1964-ல்தான் லண்டனில் பீட்டில்ஸ் குழுவினர் 'எ ஹார்ட் டேஸ் நைட்' என்ற நகைச்சுவைப் படத்தில் நடித்தார்கள். அங்கேயும் படத்தைவிடப் பாட்டுத்தட்டு அதிக தூரம் போனது. நம் ஊரில் அந்த வேலையைச் செய்தது விஸ்வநாதன் - ராமமூர்த்தி இரட்டையர். கண்ணதாசன் வரிகள், பி.பி.ஸ்ரீநிவாஸ், சுசீலா, ஈஸ்வரி, அப்போதுதான் தமிழுக்கு வந்திருந்த ஜேசுதாஸ் எனக் குரல்கள். அடுத்த ஆண்டே இரட்டையர் பிரிந்துவிட்டார்கள். படம் 'பியார் கியே ஜா' என்று 1966-ல் இந்திக்கும் போனது.

கதையில் வேலை கேட்பது விளையாட்டுக்குத்தான். ஆனால், மெட்டில் விளையாட்டு இல்லை. கூட்டமாக நின்று கேட்பவர்களின் தாளம் அது. கதையே தெரியாமல் கேட்ட ஒரு பையனுக்கு அது நிஜமாகப் பட்டதில் தப்பென்ன?

மறுநாள் வலை பின்னிக்கொண்டிருந்தவர் பேத்தியைக் கூப்பிட்டார். "அந்த வேலை கேக்குற பாட்டைப் போடு. படம் வேண்டாம், பாட்டு மட்டும்."

போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.