உறுமியும் அல்லேலூயாவும்

ரெக்கே பாடகர் பாப் மார்லி இறந்தது 1981 மே மாதம். அதற்குச் சில மாதம் முன்னால், 1980 நவம்பரில், எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் சபையில் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டார். அத்தனை காலம் ரஸ்தாஃபரி சமயத்தவராக வாழ்ந்தவர். ரசிகர்கள் பலருக்கு அது இன்னும் செரிக்கவில்லை.

நம்மவர்களில் இதற்குப் பக்கத்தில் வருகிறவர் எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடும் மாதங்கி அருள்பிரகாசம். ரெக்கே பாடகி என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஜமைக்காவின் டான்ஸ்ஹால் தாளத்தை எடுத்துவிட்டால் அவர் பாட்டில் பாதி நிற்காது. 1975இல் லண்டனில் பிறப்பு, யாழ்ப்பாணத்தில் குழந்தைப் பருவம், கொஞ்ச காலம் சென்னை, 1986இல் மறுபடி லண்டன். ஈரோஸ் என்ற ஈழ இயக்கத்தில் இருந்த அப்பாவின் பெயரில் முதல் ஆல்பம் ‘அருளர்’ (2005), அம்மா பெயரில் ‘கலா’ (2007).

எனக்கு மிகவும் பிடித்தது பெக்வே தீவுக் கதை. கரீபியக் கடலில் உள்ள அந்தக் குட்டித் தீவுக்கு விடுமுறைக்குப் போனவர், இரவெல்லாம் தெருவில் சவுண்ட் சிஸ்டத்துக்கு ஆடுகிறார். ஊர்க்காரர்கள் சர்ச்சுக்குக் கூப்பிடுகிறார்கள். அங்கே அல்லேலூயாவுக்குக் கைதட்ட வரவில்லை, தாளம் தப்புகிறது. நேற்று நன்றாகத்தானே ஆடினாய் என்று கேட்டு, ஆராதனையை நிறுத்தி, கைதட்டக் கற்றுக்கொடுக்கிறார்கள். ஒரே மானக்கேடாகிவிட்டது என்று பேட்டியில் அவரே சொல்லியிருக்கிறார்.

அமெரிக்க விசா சிக்கலால் ‘கலா’வின் சில பகுதிகள் சென்னையில் பதிவாயின. ‘பாய்ஸ்’ பாட்டில் அடிப்பது உறுமி. அதன் வீடியோவில் ஆடுவது கிங்ஸ்டன் பையன்கள். எங்கள் படப்பையில் ஆடி மாதம் அம்மனுக்குப் பம்பை அடிக்கிற ஒரு பையன், ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூட்டத்தில் டிரம்ஸ் வாசிக்கிறான். அவனுக்குப் போட்டுக் காட்டினேன். “உறுமிண்ணா இது,” என்றான். பாடுவது யார் என்று கேட்கவே இல்லை.

2013இல் ‘மாதங்கி’. தன் பெயருக்குரிய தேவியைத் தேடிப் போன ஆல்பம். பத்து மகாவித்யைகளில் ஒருத்தி. கையில் வீணை, மேனி பச்சை. மற்ற தெய்வங்களுக்கு ஆகாத எச்சில் படையல் இவளுக்கு ஆகும். சேரிப்பெண் வடிவில் வருகிறவள் என்றும் சொல்வார்கள். அகதியாக வந்திறங்கிய பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான சாமி கிடைக்காது. அந்த இடத்திலேயே நின்றிருக்கலாமே என்று எனக்கு ஆசை.

நிற்கவில்லை. 2022இல், இயேசுவின் தரிசனம் கிடைத்தது, கிறிஸ்தவளாக மறுபடி பிறந்தேன் என்றார். ரசிகர்கள் சிலர் துரோகம் என்றார்கள். இந்துத் தமிழ்ப் பின்னணியில் வந்த தனக்கே அது எதிர்பாராதது என்கிறார். அவ்வளவு எதிர்பாராததா? பெக்வேயில் தாளம் சொல்லிக்கொடுத்தவர்களை அவர் மறந்தாலும் நான் மறக்க மாட்டேன்.

2024இல் 5ஜி அலைகளைத் தடுக்கும் துணி என்று ஒரு வியாபாரம் தொடங்கினார். அதை எந்த விசுவாசக் கணக்கிலும் என்னால் சேர்க்க முடியவில்லை.