அசலைத் தாண்டாத வட்டி



சிங்கப்பூரில் உரிமம் வாங்கிக் கடன் கொடுப்பவர்களுக்கு 2015 அக்டோபரிலிருந்து ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. மாதத்துக்கு நூற்றுக்கு நாலுக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது. இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை, நம்மூர்க் கணக்கில் நாலு வட்டி. அடுத்த விதிதான் முக்கியம். வட்டி, தாமதக் கட்டணம் என்று எத்தனை பெயரில் வாங்கினாலும் எல்லாம் சேர்ந்து கொடுத்த அசலைத் தாண்டக் கூடாது. ஆயிரம் வெள்ளி வாங்கியவர் எவ்வளவு காலம் இழுத்தாலும், அசல் போக அவர் கட்ட வேண்டியது இன்னொரு ஆயிரத்துக்குள் முடிந்துவிடும்.

இதைப் படிக்கும்போதெல்லாம் கிள்ளையில் இருக்கும் என் சித்தி மகளை நினைத்துக்கொள்வேன். அவள் குழு லோன் வாங்கியிருக்கிறாள். ஒன்றல்ல, மூன்று கம்பெனியில். எதற்கு வாங்கினாய் என்று ஒருமுறை கேட்டேன். முதலாவது மகனின் பாலிடெக்னிக் ஃபீஸுக்கு, இரண்டாவது முதலாவதுக்கு, மூன்றாவது இரண்டாவதுக்கு என்றாள். ஆடம்பரத்தால்தான் ஏழை கடனாளியாகிறான் என்று பேசுபவர்களை அவள் வீட்டுத் திண்ணையில் ஒரு செவ்வாய்க்கிழமை உட்கார வைக்க வேண்டும். அன்றைக்குத்தான் டியூ.

கிள்ளை இருக்கும் கடலூர் மாவட்டத்தில் காசு வாரா வாரம் வருவதில்லை. காட்டுமன்னார்கோயில் பக்கம் வீராணம் ஏரித் தண்ணீரில் சம்பா அறுத்தால் தை, மாசியில் வரும். பண்ருட்டி முந்திரிக்குச் சித்திரை, வைகாசி. கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்த இரண்டு மாதத்துக்கும் சேர்த்து அரசு தரும் நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். தவணை மட்டும் ஐம்பத்திரண்டு வாரமும் தவறாமல் வருகிறது. இதற்கு நடுவே புயல். 2011 டிசம்பர் 30-ல் ‘தானே’ புயல் கரை கடந்தபோது பண்ருட்டிப் பக்கம் முந்திரி மரங்கள் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. புதுக் கன்று நட்டால் காய்ப்புக்கு வர வருஷங்கள் ஆகும். மரம் போன பிறகும், மரத்தைக் காட்டி வாங்கிய கடன் நின்றது.

இந்த இடைவெளியில்தான் தண்டல்காரர் நுழைகிறார். பத்தாயிரம் என்று நோட்டில் எழுதுவார், கையில் தருவது எட்டாயிரத்து ஐந்நூறு. நாளைக்கு நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். ஆயிரத்து ஐந்நூறுதானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருவதால், வருஷ வட்டியாகக் கணக்குப் போட்டால் நூற்றுக்கு நூறையும் தாண்டும். நோட்டில் வட்டி என்று ஒரு வரிகூட இருக்காது. கொடுக்கும்போதே கழித்துவிட்டார்களே!

தமிழ்நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 2003-லேயே நாள் வட்டி, மீட்டர் வட்டி, கந்து வட்டி, தண்டல் எல்லாவற்றையும் பெயர் சொல்லித் தடுத்தாயிற்று. 2022 ஜூனில் கடலூர் மாவட்ட ஆயுதப்படைக் காவலர் ஒருவரே கந்துவட்டி நெருக்கடியில் உயிரை மாய்த்துக்கொண்டார். அதன் பிறகு அப்போதைய டிஜிபி சைலேந்திர பாபு ‘ஆபரேஷன் கந்துவட்டி’ என்று மாநிலம் முழுக்க நடவடிக்கைக்கு உத்தரவிட்டார். காவலருக்கே அந்தக் கதி என்றால் மீன் கூடை சுமக்கும் பெண் எந்த ஸ்டேஷனில் போய் நிற்பாள்? 2025-ல் வற்புறுத்தி வசூலிப்பதைத் தடுக்கச் சட்டமன்றம் இன்னொரு சட்டம் செய்தது. மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம்.

நல்ல சட்டம்தான். ஆனால் அது வாசலில் வந்து கத்துபவனைப் பிடிக்கிறது, நோட்டில் ஏறும் தொகையை விட்டுவிடுகிறது. குழு லோனில் கத்துவது கம்பெனி ஆள்கூட இல்லை. காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை ஆறுக்குப் பின்னும் வசூலுக்குத் தொந்தரவு செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-ல் விதி போட்டது. லோன் சார் அதை மதித்து ஆறு மணிக்குப் போய்விடுவார். அதற்குப் பிறகு குழுவில் கூட இருக்கும் பெண்கள் வந்து உட்காருவார்கள். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். அக்கம்பக்கத்துப் பெண்களையே வசூல்காரர்களாக்கிவிட்ட ஏற்பாட்டில் எந்த ரிசர்வ் வங்கி கை வைக்கும்?

அசலுக்கு மேல் வட்டி ஏறக் கூடாது என்பது சிங்கப்பூரின் கண்டுபிடிப்பும் இல்லை. 1938-ல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி மந்திரிசபை கொண்டுவந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், அசலைப் போல் இரண்டு மடங்கு கட்டிய விவசாயியின் பழைய கடன் அத்தோடு தீர்ந்தது என்றது. கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னாற்காடும் அந்த மாகாணத்தில்தான் இருந்தது. லேவாதேவிக்காரர்கள் கூச்சல் போட்டார்கள், போடட்டும். அந்தக் கணக்கை விவசாயியோடு நிறுத்தாமல், முந்திரி உடைப்பவளுக்கும் மீன் விற்பவளுக்கும் நீட்டி, கையில் கொடுத்த தொகையே அசல் என்று எழுதினால் தண்டல் நோட்டு என்ன ஆகும் என்று பார்க்க ஆசை.

சிங்கப்பூரைச் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. இங்கும் ஆலோங் என்கிற திருட்டு வட்டிக்காரர்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக் கதவில் சாயம் ஊற்றிவிட்டுப் போகிறார்கள். (ஒரு காலத்தில் மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கிகளில் உட்கார்ந்து இந்த ஊருக்கே கடன் கொடுத்தவர்கள் நம் செட்டியார்கள்.) விடுதியில் தங்கிக் கட்டட வேலை செய்யும் தம்பிகளுக்கோ கடன் இங்கே தொடங்குவதே இல்லை. ஏஜெண்டுக்குக் கட்ட விருத்தாசலத்திலும் திட்டக்குடியிலும் வாங்கிய பணம் அவர்களோடு விமானம் ஏறி வருகிறது. சிங்கப்பூர்ச் சட்டம் அந்த நோட்டைத் தொடாது.

போன ஞாயிறு இங்கே தேக்காவில் பணம் அனுப்பும் வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் விருத்தாசலத்துக்காரர். அனுப்புவது அசலா, வட்டியா என்று கேட்டேன்.

“வட்டிதான் அண்ணே. அசலுக்கு அடுத்த பர்மிட்ல பாக்கணும்.”