மண்ணில்லாத் தோட்டம்

எமது இல்லத்துக்கு வரும் நண்பர்கள், முன்னறையின் சன்னலோரத்தில் வரிசையாக நிற்கும் கறுப்பு வாளிகளைக் கண்டு, "என்ன, கூரை ஒழுகுகிறதா?" என்று விசாரிப்பதுண்டு. ஹட்டன் மழையை அறிந்தவர்களுக்கு அது இயல்பான கேள்வியே. ஆனால் அவ்வாளிகளில் டர்னிப் வளர்கிறது என்றும், அதுவும் ஒரு பிடி மண் இன்றி வளர்கிறது என்றும் நாம் சொன்னால், இரசாயன ஆசிரியருக்கு ஏதோ ஆகிவிட்டது என்னும் பாவனையில் தேநீரை விரைந்து குடித்துவிட்டு எழுந்துவிடுகின்றனர்.

எம்மை இவ்வேலையில் இறக்கியது எமது தாயாரின் மௌனம். அவர் முப்பத்தாறு ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். லயத்துக்குப் பின்னால், பீலிக்கரைக்கு மேலே இருந்த சரிவில் அவருக்கு ஒரு துண்டுக் காய்கறித் தோட்டம் இருந்தது. மாலையில் கொழுந்தை நிறுத்துவிட்டு வந்ததும் கூடையை இறக்கி வைத்து மண்வெட்டியை எடுப்பார். கரட், லீக்ஸ், போஞ்சி, டர்னிப் எல்லாம் அங்கே விளைந்தன. பேராதனையில் நாம் படித்த காலத்துச் செலவில் பாதி அந்தச் சரிவிலிருந்தே வந்தது. 2020ஆம் ஆண்டின் இறுதியில் தந்தையார் காலமாகவே, தாயாரை எம்முடன் அழைத்துக்கொண்டோம். காம்பரா காலியானதும் தோட்டத் துண்டும் வேறொருவர் கைக்குப் போயிற்று. லீக்ஸ் பிடுங்க இன்னும் இரண்டு வாரமே இருந்தது. காணிக்கு உறுதி இல்லை. உறுதி இல்லாதவர் யாரிடம் போய் எதைக் கேட்பது?

நாம் வாடகைக்கு இருப்பது மேல்மாடி. முற்றம் கிடையாது. தாயார் சன்னலருகே அமர்ந்து எதிர்மலையின் பனிமூட்டத்தைப் பார்த்திருப்பார். உணவு குறைந்தது, பேச்சும் குறைந்தது. வைத்தியர் பரிசோதித்துவிட்டு, உடம்பில் குறையில்லை என்றார். ஒருநாள் எம் மகள், "அப்பாயி, என்ன யோசிக்கிறீங்க?" என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல கண்ணு. கையில மண்ணு ஒட்டி ஒரு வருசமாச்சு" என்றார். அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை.

மண் கொடுக்க எம்மால் இயலாது. செடி கொடுக்கலாமே என்று தோன்றியது. நீரில் கரைந்த உப்புகளே செடிக்கு ஆகாரம், மண் அவற்றைத் தாங்கி நிற்கும் பாத்திரம் மட்டுமே என்பதை ஜெர்மானியரான சாக்ஸும் நோப்பும் 1860ஆம் ஆண்டை ஒட்டியே செய்து காட்டிவிட்டனர். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெரிக் என்பவர் 1929 முதல் இதைப் பயிர்த்தொழிலாக்க முயன்று, இருபத்தைந்து அடி உயரத் தக்காளிக் கொடிகளை வளர்த்து ஊரை வியக்க வைத்தார். 'ஹைட்ரோபோனிக்ஸ்' என்னும் பெயரை 1937இல் வழங்கியவரும் அவரே. இவற்றை எல்லாம் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதி அழித்திருக்கிறோமே தவிர, ஒரு கீரைத் தண்டைக்கூட நாம் அவ்வாறு வளர்த்ததில்லை. ஆசிரியத் தொழிலில் இது ஒரு வசதி.

தாயாரிடம் எதை வளர்க்கலாம் என்று கேட்டபோது, யோசியாமல் "டர்னிப்பு" என்றார். நோக்கோலோ சலாதோ சொல்லியிருந்தால் எமக்கு எளிதாக இருந்திருக்கும். டர்னிப் நிலத்தோடு ஒட்டிப் பருக்கும் கிழங்கு. உண்மையில் அது முழுவதும் வேரன்று. தண்டின் அடிப்பாகமும் வேரின் தலைப்பாகமும் சேர்ந்து திரள்வது. குளிர்ச்சியை விரும்பும் பயிராதலால் ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்திலுள்ள எமது ஊர் அதற்கு உகந்தது.

2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முதல் முயற்சி. முந்தைய ஆண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டு நவம்பரில் அத்தடை நீங்கியிருந்தாலும், உரத்தின் விலை இறங்கியபாடில்லை. 'ஆல்பர்ட்' என்ற பெயரில் விற்கும் கரைசல் தூளை அலைந்து தேடி வாங்கினோம். மீன் தொட்டிக்குக் காற்று ஊதும் சிறு இயந்திரம் ஒன்றையும் பொருத்தி, செடிகளின் வேர்களை நீரிலேயே தொங்கவிட்டோம். பெட்டி ஒளி புகும் கண்ணாடிப் பெட்டி. எமது முதல் மடமை அது. பத்தே நாளில் நீர் பச்சைப் பாசியாயிற்று. இரண்டாவது மடமை மின்சாரத்தை நம்பியது. அந்த மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்வெட்டு. காற்று நின்றது, வேருக்கு மூச்சு நின்றது, திரளத் தொடங்கிய கிழங்குகள் நீரில் ஊறி அழுகி நாறின. மண்ணெண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்றுவிட்டு வந்த எம் இல்லாள், அந்த நாற்றத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாதிருந்தமைக்கு நாம் இன்றும் கடமைப்பட்டுள்ளோம். தாயார் மட்டும், "தண்ணில கெழங்கு வெளையுமா தம்பி? மாட்டுக்கே தெரியுமே" என்றார். பல மாதங்களுக்குப் பின் அவர் எம்மைக் கேலி செய்தது அதுவே முதல் தடவை. அழுகல் வீண்போகவில்லை என்று எண்ணிக்கொண்டோம்.

வழிகாட்டியது இன்னொரு தேயிலை மலை. தார்ஜிலிங்கைச் சார்ந்த கலிம்பொங்கில் 1946ஆம் ஆண்டளவில் ஷோல்ட்டோ டக்ளஸ் என்பவர், இயந்திரமும் மின்சாரமும் இல்லாத ஏழைக் குடியானவருக்கென்று ஒரு முறையை வகுத்தார். கற்சல்லியும் கற்தூளும் நிரப்பிய தொட்டியில் உப்புகளைத் தூவி நீர் தெளிப்பதே அது. வங்காள முறை என்று பெயர். 1951இல் நூலாகவும் எழுதினார். நாம் கற்தூளுக்குப் பதிலாகத் தென்னந்தும்புத் தூளைக் கழுவிப் பிழிந்து, சிறு சல்லியுடன் கலந்தோம். கழுவாவிடில் அதிலுள்ள உப்பு செடியை வாட்டும். அடியில் துளையிட்ட கறுப்பு வாளி, எட்டங்குல ஆழம். நாற்றாக இருக்கையில் லீற்றர் நீருக்கு ஒரு கிராம் தூள். பின்னர் இரண்டு கிராம். இம்முறையைச் செய்து பார்க்க விரும்பும் மாணவர்கள் கரைசலின் அமிலத்தன்மையைத் தாளால் சோதித்து, ஆறை ஒட்டி வைத்துக்கொள்ளட்டும். தும்புத் தூள் கையில் ஒட்டும் என்பதும் எமது கணக்கில் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

இம்முறை வேறொரு தோல்வி. முழங்கால் உயரத்துக்கு இலைகள் செழித்தன. கீழே எலிவால் போன்ற வேர். தழைச்சத்து மிகுந்தால் இலையும், சாம்பல்சத்து குறைந்தால் மெலிந்த கிழங்கும் என்று நாம் சூத்திரம் போட்டுக்கொண்டிருந்தோம். வெளிச்சமும் போதவில்லை, அதற்கு ஒரு மின்குமிழைத் தொங்கவிட்டோம். தாயார் வந்து வாளியை எட்டிப் பார்த்தார்.

"ஏம்ப்பா, கலைச்சு விடலையா?"

முளைத்த எதையும் பிடுங்க எமக்கு மனம் வரவில்லை என்றோம்.

"நீ படிச்சவன்தான். இப்புடி நெருக்கிக்கிட்டு நின்னா எந்தக் கெழங்கு பருக்கும்? ஒரு காம்பராவுல பதினோரு பேரு கெடந்தோமே, அது மறந்துபோச்சா?"

சொல்லிக்கொண்டே விரல்களை விட்டு, நான்கு அங்குலத்துக்கு ஒன்று நிற்க, மற்றவற்றைப் பிடுங்கினார். நின்றவற்றின் கழுத்து வெளியே தெரியுமாறு தும்பைத் தட்டி அமர்த்தினார். பிடுங்கியவை அன்றிரவு சுண்டலாயின. அவர் இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டார்.

அதன்பின் வாளிகள் எமது பொறுப்பில் இல்லை. காலையில் எமக்கு முன்னே எழுந்து, கரைசல் கலக்கும் சுண்டை மகளின் மருந்துக் கரண்டியால் அளக்கிறார். தூள் கடைசிக் கரண்டிக்கு வந்ததும் எமக்குக் கட்டளை பிறக்கிறது. இரண்டு மாதத்தில் பத்துக் கிழங்குகள் தேறின. பெரியது ஒரு தேசிக்காய்க்கு மூன்று மடங்கு இருக்கும். செலவைக் கணக்கிட்டால் ஹட்டன் சந்தையில் அதே பணத்துக்கு ஒரு கூடை வாங்கலாம். அக்கணக்கை வீட்டில் நாம் எடுப்பதில்லை.

அவற்றுள் நான்கைப் பொட்டலமாகக் கட்டி, இன்னமும் லயத்திலிருக்கும் தம் தங்கைக்குப் பஸ்ஸில் கொடுத்தனுப்பினார். மறுவாரம் அதே பஸ்ஸில் ஒரு பை வந்தது. உள்ளே லீக்ஸ். பழைய துண்டை இப்போது பயிரிடுபவர், "அக்கா தோட்டத்துது" என்று சொல்லிக் கொடுத்தாராம். தாயார் பையை அடுப்படி மூலையில் வைத்துவிட்டு அன்று முழுவதும் அதன் பக்கம் போகவில்லை. மறுநாள் ஒவ்வொன்றாக எடுத்து வேரைத் தடவிப் பார்த்தார். அதில் செம்மண் ஒட்டியிருந்தது.

"நல்லாத்தான் பாக்குறான்" என்றார். பிறகு அந்த மண்ணைக் கழுவாமல் உதிர்த்து எடுத்து, எங்கே கொட்டுவது என்று சற்று நேரம் நின்று, கடைசியில் சன்னலோரத்து வாளி ஒன்றில் தூவினார். கரைசலில் மண் கலந்தால் கிருமி சேரும், குலவேர் நோய்கூட வரலாம் என்பதை நாம் அறிவோம். அந்த வாளியை மட்டும் தனியே தள்ளி வைத்தோம்.