எர்த் கம்பியும் ஏர் லாக்கும்

டீசல் டிராக்டரில் ஸ்பார்க் பிளக் கிடையாது. சாவியைத் திருப்பினால் பேட்டரி கரண்ட் செல்ஃப் மோட்டாரைச் சுற்றுவதோடு சரி. பற்றவைப்பது காற்றின் சூடு. பிஸ்டன் மேலேறிக் காற்றை 16, 17 மடங்கு நெருக்கும்போது வெப்பம் 500 டிகிரியைத் தாண்டுகிறது. அந்த நொடியில் நாசில் பீய்ச்சும் டீசல் தானாகத் தீப்பிடிக்கிறது. இன்ஜின் சுற்றும் வேகம், கம்ப்ரஷன், டீசல் வரத்து என்ற மூன்றில் ஒன்று குறைந்தாலும் வண்டி பிடிக்காது. எது குறைந்தது என்று கண்டுபிடிப்பதுதான் பழைய டிராக்டர் மெக்கானிக்கின் தொழில்.

மன்னார்குடிப் பக்கம் சாலையோரப் பட்டறை ஒன்றில் அந்தத் தொழிலைக் கிட்ட நின்று பார்த்தேன். குறுவைக்குச் சேறு அடிக்கும் நேரம். வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து, வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் டெல்டாவில் ஒரு டிராக்டர் நிற்பது சின்ன விஷயமல்ல. அதை நம்பி முறை போட்டுக் காத்திருக்கும் வயல்கள் அத்தனையும் நிற்கும்.

வந்திருந்தது ஒரு பழைய மாஸி 1035. சேற்றில் ஓட்ட மாட்டிய கேஜ் வீலைக் கழற்றாமலே இன்னொரு வண்டியில் கட்டி இழுத்து வந்திருந்தார்கள். மூன்று சிலிண்டர் சிம்ப்சன் இன்ஜின். 1960-இல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனத்தின் வண்டி. இன்ஜினும் சென்னையில் செய்ததுதான், மூல வடிவமைப்பு இங்கிலாந்தின் பெர்கின்ஸுடையது. டெல்டாவில் இந்த வண்டிக்குக் கைவைக்கத் தெரியாத பட்டறை அபூர்வம்.

“பம்பு போயிடுச்சு மேஸ்திரி. கழட்டி டவுனுக்கு அனுப்பிடலாமா?” என்றார் வண்டிக்காரர்.

“இருங்க. முதல்ல ஒரு தடவ செல்ஃப் அடிங்க.”

மேஸ்திரி ஸ்பேனரை எடுக்கவில்லை. கண் சைலன்சர் வாயில், காது இன்ஜினில். புகை துளியும் வராவிட்டால் டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, ஆனால் எரியவில்லை. இழுத்து இழுத்துச் சுற்றினால் கோளாறு கரண்டில். இந்த வண்டி இழுத்து இழுத்துத்தான் சுற்றியது; புகையும் இல்லை.

மீட்டர் வைத்தார். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி முனையில் வோல்டேஜ் ஓரளவு நின்றது. செல்ஃப் மோட்டாரில் மட்டும் விழுந்தது. ஜம்பர் கேபிளின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும், மறு முனையை இன்ஜின் பிளாக்கிலும் கொடுத்தவுடன் மோட்டார் விறுவிறுவென்று சுற்றியது. எர்த் கம்பி போல்ட்டுக்கு அடியில் சேறு காய்ந்து துருவேறியிருந்தது. உதவிக்கு நின்ற பையன் எமரி தாள் போட்டு இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து முடுக்கினான்.

இப்போது வேகம் இருந்தது; புகை இன்னும் இல்லை. “டேங்குல டீசல் எவ்வளவுங்க இருந்துச்சு?” வண்டிக்காரர் கொஞ்சம் யோசித்து, “அடிமட்டம்தான்” என்றார். சேற்றில் வண்டி சாயச் சாய, அடியில் கிடந்த டீசல் ஒதுங்கி, குழாய் காற்றை இழுத்திருக்கிறது. ஏர் லாக்.

டேங்கில் டீசல் ஊற்றி, ஃபில்டரின் பிளீடிங் ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஃபீட் பம்பின் சின்னக் கைப்பிடியைப் பையன் அடித்தான். கைப்பிடி தொளதொளவென்று ஆடியது. “இதுவும் போச்சுண்ணே!” “போகலடா. கேம் உச்சில நிக்குது. இன்ஜினக் கொஞ்சம் திருப்பு.” திருப்பியதும் கைப்பிடியில் பிடிப்பு வந்தது. எனக்கு அன்று பிரமிப்பூட்டிய இடம் இதுதான். இந்த ஒன்று தெரியாமல் நல்ல ஃபீட் பம்பைத் தூக்கி எறிந்திருப்பார்கள்.

ஸ்க்ரூ ஓரத்தில் முதலில் நுரை, பிறகு விட்டுவிட்டுக் குமிழி, பிறகு கண்ணாடிபோல் டீசல். ஒழுகும்போதே முடுக்கினான், நின்றபின் முடுக்கினால் காற்று மறுபடி நுழையும். அடுத்து இன்ஜெக்‌ஷன் பம்பின் மேலுள்ள ஸ்க்ரூக்கள். கடைசியாக நாசில் பைப் நட்டுகளைத் தளர்த்திவிட்டு செல்ஃப் அடித்தார்கள்; டீசல் துடித்துத் துடித்து வந்த பிறகு அவற்றையும் முடுக்கியாயிற்று. அடுத்த சாவியில் குப்பென்று கரும்புகை தள்ளி வண்டி பிடித்துக்கொண்டது.

இன்ஜெக்‌ஷன் பம்பை மேஸ்திரி திறக்கவே இல்லை. அதன் ஈய சீலை உடைப்பது அவர் கணக்கில் கடைசி வேலை. உள்ளே தலைமயிரை விட நுண்ணிய இடைவெளியில் உரசும் பாகங்கள். பட்டறைத் தூசி பட்டாலே கெடும். அதற்குக் காலிபரேஷன் பெஞ்ச் உள்ள கடைதான். காற்று வாயில் பெட்ரோல் துணி காட்டி ஸ்டார்ட் செய்யும் வழக்கத்தையும் அவர் அனுமதிப்பதில்லை. கண்ட நேரத்தில் வெடித்து ரிங்கையும் பிஸ்டனையும் உடைக்கும் என்கிறார்.

கூலி பேசும்போதுதான் எனக்கு மனம் கசந்தது. “சாமான் ஒண்ணும் மாத்தலயே மேஸ்திரி” என்றார் வண்டிக்காரர். பம்பைக் கழற்றி அனுப்பியிருந்தால் முனகாமல் ஆயிரக்கணக்கில் கொடுத்திருப்பார். உழவு நாட்களும் போயிருக்கும். பாகத்துக்கு விலை உண்டு, கோளாறைக் கண்டுபிடித்ததற்கு இல்லை என்ற இந்தக் கணக்கு அநியாயமானது. டிராக்டர் மெக்கானிக்குக்கு ஐ.டி.ஐ.யில் ஓராண்டுப் படிப்பு இருக்கிறது. அங்கே படித்துவிட்டுத்தான் பையன் வந்திருக்கிறான். புகையைப் பார்ப்பதும் சத்தத்தைக் கேட்பதும் இங்கே நின்றுதான் கைவருகிறது. பைக் ஷோரூம் ஒன்றில் மாதச் சம்பளத்துக்கு அவனைக் கூப்பிட்டிருக்கிறார்களாம். போகாதே என்று சொல்ல மேஸ்திரிக்கு வாய் வரவில்லை. அவன் கேட்கும் சம்பளத்தை இந்தக் கூலியில் அவரால் தர முடியாது.