சாச்சாவுக்கு ஒரு சுளை

குழந்தை முதலில் கற்கும் சொற்களில் பல உணவுத் தட்டைச் சுற்றியே அமைகின்றன. தமிழ் வீடுகளில் உணவு 'மம்மம்' ஆகிறது. பருப்பு 'பப்பு' ஆகிறது. சோறு 'சோச்சி' ஆகிறது. பெரியவர்கள் தம் மொழியைச் சுருக்கிக்கொண்டு குழந்தையின் உயரத்துக்குக் குனிகிறார்கள். ஆறு மொழிகளின் மழலைப் பேச்சை ஒப்பிட்டு 1964இல் சார்லஸ் ஃபெர்குசன் எழுதிய கட்டுரை மொழியியல் மாணவர்களுக்கு அறிமுகமானது. அந்த ஆறில் மராத்தியும் ஒன்று. ஒலிகளை எளிதாக்குவதும் அசைகளை இரட்டிப்பதும் ஒன்றுக்கொன்று தொடர்பற்ற மொழிகளிலும் காணப்படுகின்றன.

சொற்களோடு இலக்கணமும் சோற்றுடன் சேர்ந்தே ஊட்டப்படுகிறது என்பது அவ்வளவாகக் கவனிக்கப்படுவதில்லை. பருப்புக் கடையும் விளையாட்டை எண்ணிப் பார்க்கலாம். குழந்தையின் உள்ளங்கை சட்டி. பெரியவரின் முழங்கை மத்து. கடைந்த பருப்பை விரல் விரலாகப் பங்கிடும்போது அம்மாவுக்கு, அப்பாவுக்கு, தாத்தாவுக்கு என்று உறவுப் பெயர்கள் வரிசையாக வருகின்றன. இறுதியில் விரல்கள் நண்டுபோல் கையேறி அக்குளில் கிச்சுகிச்சு மூட்டுகின்றன. குழந்தை சிரிப்புக்காகக் காத்திருக்கிறது. அதற்குள் நான்காம் வேற்றுமை பலமுறை காதில் விழுந்துவிடுகிறது.

டெல்லியில் வாடகை வீட்டில் வாழும் ஒரு தமிழ்த் தம்பதியின் மகளுக்கும் தந்தை இவ்விளையாட்டை ஆடிக் காட்டியதுண்டு. மகளுக்கு மூன்றரை வயது. பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்பவர்கள். பகலில் அவளைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணி இந்தி பேசுபவர். தமிழில் கேட்டால் அவள் இந்தியில் விடை சொல்வாள். குழந்தை சொற்களைக் கலந்து பேசுகிறாள், ஆகவே வீட்டில் தமிழை நிறுத்திவிடுங்கள் என்று மழலையர் பள்ளியின் ஆசிரியை அறிவுறுத்தினார். இரு மொழிகளைக் கேட்டு வளர்வது பேச்சைத் தாமதப்படுத்துவதில்லை என்பதும், மொழிகளைக் கலப்பது இருமொழிக் குழந்தைகளின் இயல்பே என்பதும் ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்பவை. ஆயினும் களைத்து வீடு திரும்பும் பெற்றோருக்கு ஆய்வைவிட ஆசிரியையின் குரலே அண்மையில் ஒலித்தது. தமிழ் மெல்லக் குறைந்தது. கைப்பேசியின் முன் அமர்ந்து குழந்தை வாய் திறக்க, ஒரு கை ஊட்டியது, உரையாடல் நின்றது.

இழப்பு திருநெல்வேலியில் முதலில் உணரப்பட்டது. ஞாயிறுதோறும் காணொளியில் அழைக்கும் ஆச்சி, "சாப்பிட்டியா, கண்ணு?" என்பார். "ஹான்" என்றுவிட்டுப் பேத்தி ஓடிவிடுவாள். "புள்ளைக்கு நான் பேசுறது வெளங்குதா?" என்று ஒருநாள் ஆச்சி கேட்டார். "வெளங்கும்மா" என்றாள் மகள். அதைச் சொல்லும்போது அவளுக்கே உறுதியில்லை.

டிசம்பரில் அவர்கள் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஊருக்குப் புறப்பட்டார்கள். டெல்லியிலிருந்து சென்னைக்குச் சுமார் 2,180 கி.மீ.; பயணம் 30 மணி நேரத்துக்கும் மேல். 5 வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பயணச்சீட்டு இல்லை, தனிப் படுக்கையும் இல்லை; இரவு முழுதும் தாயின் விலாவே படுக்கை. எவர்சில்வர் அடுக்கில் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் புளியோதரையும் இருந்தன. இருக்கையருகே மின்னேற்றும் செருகி வேலை செய்யவில்லை. போபால் கடந்ததும் கைப்பேசி அணைந்தது. குழந்தைக்கு வேடிக்கை பார்க்கச் சன்னலும் மனிதர்களுமே எஞ்சினர்.

டெல்லியிலிருந்தே எதிரில் அமர்ந்து வந்த வாரங்கல்காரரை அவள் 'சாச்சா' என்று அழைக்கத் தொடங்கியிருந்தாள். நாகபுரியில் ஏறிய மூதாட்டியிடம் ஒரு பை நிறைய ஆரஞ்சு இருந்தது. உடன்வந்த பேரன் 'ஆஜி' என்றழைக்க, இவளும் அவ்வாறே அழைத்தாள். தாய் இட்லியை நீட்டினாள். ஆஜி ஆரஞ்சுகளைத் தந்தார். உரித்த பழத்தை மடியில் வைத்துக்கொண்டு குழந்தை பங்கிடத் தொடங்கினாள்: "அம்மாவுக்கு. அப்பாவுக்கு. ஆஜிக்கு. சாச்சாவுக்கு." கடைசிச் சுளை அவள் வாய்க்குள் போயிற்று.

மொழியியல் கற்றவர்கள் இங்கே ஒரு கணம் நிற்பார்கள். ஜீன் பெர்க்கோ 1958இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தைகள் முன்பின் கேட்டிராத புனைசொற்களுக்கும் சரியான விகுதியைச் சேர்த்தார்கள். கேட்டதைத் திருப்பிச் சொல்வது வேறு, விதியை அறிந்திருப்பது வேறு என்று அது காட்டியது. 'சாச்சாவுக்கு' என்று இக்குழந்தையிடம் எவரும் சொன்னதில்லை. சொல் இந்தி, வேற்றுமை தமிழ். இந்தியின் 'கோ' தமிழின் 'கு'வுக்கு அண்மையில் ஒலிப்பதுதான். கால்டுவெல்லும் தம் ஒப்பிலக்கணத்தில் அவ்வொப்புமையை ஆராய்ந்தார். ஆனால் 'சாச்சா'வுக்கும் உருபுக்கும் இடையே வந்து நின்ற வகர உடம்படுமெய்யை இந்தி தந்திருக்க முடியாது. 'ஆஜி'யில் அது வேண்டியதில்லை. குழந்தையும் அங்கே சேர்க்கவில்லை. நின்றுவிட்டதாகப் பெற்றோர் அஞ்சிய மொழி, தனக்கு வேலை வரும்வரை உள்ளே காத்திருந்திருக்கிறது.

அந்த இருப்புப்பாதை நெடுகிலும் நான்காம் வேற்றுமைக்கு இன்னொரு வேலையும் உண்டு. பசித்தவர் இந்தியில் 'முஜே பூக் லகீ ஹை' என்கிறார். மராத்தியில் 'மலா பூக் லாக்லீ'. தெலுங்கில் 'நாகு ஆகலேஸ்தோந்தி'. தமிழில் 'எனக்குப் பசிக்குது'. நான்கிலும் பசி ஒருவர் செய்யும் செயலன்று, ஒருவருக்கு வந்து சேர்வது. இந்தியா ஒரு மொழியியற் பரப்பு என்று எமனோ 1956இல் எழுதினார். அக்கருத்தை விளக்கும் பொதுக்கூறுகளுள் இத்தொடரமைப்பும் இன்று எண்ணப்படுகிறது. ஒருவருக்கு வரும் பசியையும் அவருக்குக் கொடுக்கும் சுளையையும் ஒரே உருபு தாங்கி நிற்கிறது. குடும்பங்கள் வேறு ஆயினும், ஒரே பெட்டியில் பகிர்ந்து உண்டவர்களின் இலக்கணம் அவ்வளவு தொலைவில் இல்லை.

திருநெல்வேலியில் அற்புதம் ஏதும் நிகழவில்லை. முதல் இரண்டு நாள் பேத்தி தாயின் சேலைக்குப் பின்னால் ஒளிந்தாள். இந்தியிலேயே விடை சொன்னாள். மூன்றாம் நாள் இரவு, பேரப்பிள்ளைகளை வட்டமாக உட்கார்த்தி ஆச்சி சோற்றை உருட்டிக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். விளையாட்டுக்காக இவளைத் தாண்டி அடுத்தவனுக்கு வைத்தார். நீட்டிய கை அப்படியே இருக்க, "எனக்கு!" என்று அவள் கத்தினாள். ஆச்சி வேறொன்றும் கேட்கவில்லை. இரண்டு உருண்டை வைத்தார்.

பள்ளியும் தோழர்களும் இனி எந்த மொழியை முன்னே தள்ளுவார்கள் என்பது தெரிந்ததே. பேசத் தேவை இல்லாத இடத்தில் எந்த மொழியும் நெடுநாள் நிற்பதில்லை. டெல்லி திரும்பிய பின் அப்பெற்றோர் பெரிய திட்டம் எதையும் வகுக்கவில்லை. இரவுச் சாப்பாடு மூவரும் தரையில் அமர்ந்து, தமிழில். கைப்பேசி அடுத்த அறையில். பங்கிடும் பொறுப்பு மகளுடையது: அப்பளம், பழம், எதுவானாலும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கைப்பேசிக்குத் தட்டருகே இடமுண்டு. ஆச்சியின் அழைப்பு அந்த வேளைக்கு மாற்றப்பட்டிருக்கிறது.