கையால் சுற்றிக் கேட்ட கச்சேரி

1993 பெப்ரவரி 6, சனி. இணுவில்

1990இன் நடுவில் நின்ற மின்சாரம் இன்னும் வரவில்லை. பற்றரியும் அரசின் தடைப் பட்டியலில். ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் முற்றத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்தார். டைனமோவைப் பின்சக்கரத்தில் சாய்த்து, இரண்டு வயரை ரேடியோவுக்குக் கொடுத்தார். பேரன் பெடலைக் கையால் சுற்றினான்.

முள் திருச்சியில் நின்றது. 1939இல் தொடங்கிய நிலையம். கடல் தாண்டி யாழ்ப்பாணத்துக்குத் தெளிவாகக் கேட்கும். தோடி ஆலாபனை. பையன் கை தளர்ந்தால் பாட்டும் கிணற்றுக்குள் போனதுபோல் இறங்கியது.

“அப்பு, கை நோகுது.”

“கொஞ்சம் பொறடா, தனி வரட்டும்.”

தனி ஆவர்த்தனத்தில் பெடல் ஆதி தாளத்துக்கு ஏறி இறங்கத் தொடங்கியது. பையனுக்கு அது தெரியாது. வாத்தியார் கொப்பியில் முதலில் எழுதியது அதைத்தான்.

பெப்ரவரி 7

ஷெல் சத்தம். ரேடியோ போடவில்லை.

பெப்ரவரி 19

செத்த பற்றரிகளை வெயிலில் காயவைத்து, ஆணியால் துளை போட்டு, உப்புத் தண்ணீர் விட்டார்கள். பத்து நிமிடத்துக்கு உயிர் வந்தது. அந்தப் பத்து நிமிடம் யாருக்கு? கொழும்பில் புருஷனை விட்டிருக்கும் மகளுக்கு ஒன்பதேகால் லண்டன் பிபிசி தமிழோசை வேண்டும். வாத்தியாருக்குக் கச்சேரி. அவர் கோபத்தில் சாப்பிடாமல் படுத்தார். அவள் செய்தி கேட்டாள். அவரும் இருட்டில் கேட்டார்.

தமிழோசை என்று பெயர் வைத்தவர் நம் யாழ்ப்பாணத்துச் சோ. சிவபாதசுந்தரம். ‘ஒலிபரப்புக் கலை’ எழுதியவர். லண்டன் குரலும் வீட்டுக் குரல்தான் என்று வாத்தியார் விடியப்புறம் எழுதினார். மகளிடம் சொல்லவில்லை.

மார்ச் 5

பேரனுக்குக் காய்ச்சல். தானே சுற்றினார். ஒரு கீர்த்தனைக்கு மூச்சுக் காணாது.

மார்ச் 13, சனி

கம்பனைப் பற்றி ஒரு பேச்சு. ஒழுங்கைக்காரர் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். ஜாம் போத்தல் விளக்கு ஒன்று. ஆளுக்கு ஐந்து நிமிடம் சுற்றுவது என்று முறை வைத்தார்கள். பேச்சு முடிந்ததும் வாலி வதம் சரியா பிழையா என்று முற்றத்தில் வாக்குவாதம். மூன்று வருடத்தில் இப்படிச் சத்தமாகக் கதைத்தது அன்றுதான்.

பிறகு நாதஸ்வரம். தவில் கேட்டதும் கதை தெட்சிணாமூர்த்திக்குத் தாவியது. இந்த இணுவிலில் பிறந்தவர், 1975இல் போய்விட்டார். தமிழ்நாட்டு வித்துவான்கள் தேடி அழைத்த கை அவருடையது. வலக்கை விரல்களில் கூடு மாட்டி, இடக்கையில் கழி பிடித்து வாசிப்பதை வாத்தியார் திண்ணையில் தட்டிக் காட்டினார்.

“அவருக்கும் கை நோகுமோ அப்பு?”

வாத்தியாருக்குப் பதில் வரவில்லை. கேள்வியை மட்டும் எழுதிக்கொண்டார். அதன்பின் கொப்பியில் நெடுநாள் வெறும் பக்கம்.

1995 ஒக்ரோபர் 30

இராணுவம் நெருங்க, வலிகாமம் முழுக்க வெளிக்கிட்டது. இலட்சக்கணக்கான சனம் தென்மராட்சிப் பக்கம். மழை. சைக்கிளில் அரிசி, பாய், உடுப்பு. ரேடியோவை வைத்துவிட்டு வரலாம் என்றாள் மகள். பேரன் அதைப் பொலித்தீனில் சுற்றித் தோளில் மாட்டினான். டைனமோவை யாரும் கழற்றவில்லை.

நாவற்குழிப் பாலத்தருகே ஒன்பதேகால் ஆனது. நெரிசலில் சக்கரம் அடியடியாகத்தான் உருண்டது. அந்த வேகத்துக்கு டைனமோ பேசாது.