கடலின் பங்கு

சிதம்பரத்திற்குக் கிழக்கே, வெள்ளாற்றின் முகத்துவாரத்திற்கும் கொள்ளிடத்தின் முகத்துவாரத்திற்கும் இடையே, பிச்சாவரம் என்னும் அலையாத்திக் காடு பரந்து கிடக்கின்றது. சிதம்பரத்திற்குத் தில்லையென்னும் பழம்பெயர் வாய்த்தது இக்காட்டில் வளரும் ஒரு மரத்தினாலேயென்பதை நம் மாணவர் பலர் அறிவர். அம்மரத்தின் பால் கண்ணிற்பட்டால் பெருந்தீங்கு விளையுமென்பதை அறிந்தோர் சிலரே. நிற்க.

நீர்ப்பங்கீடென்றால் மாநிலங்களுக்கிடையேயுள்ள வழக்கென்றே பலரும் கருதுவர். எனக்கோ அது குடும்ப வழக்கு. என் சிறிய தந்தையார் காட்டுமன்னார்கோயிலுக்கருகில் வீராணத்தேரிப் பாய்ச்சலில் நெற்பயிர் செய்பவர். என் தமக்கையார் சென்னைவாசி. சோழர் காலத்து ஏரியாகிய வீராணத்திற்கு, கொள்ளிடத்தின் குறுக்கே 1836 ஆம் ஆண்டளவில் எழுந்த கீழணையிலிருந்து வடவாற்றின் வழியாக நீர் வருகின்றது. அவ்வேரி நீரே 2004 முதல் 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம் குழாய்களிற் சென்று சென்னை மக்களின் தாகந்தீர்க்கின்றது. சென்ற பொங்கலுக்கு நாங்கள் கூடியிருந்தபோது, சிறிய தந்தையார், "என் வயலுக்கு வரவேண்டிய தண்ணீரை உன் பட்டணம் குடித்துவிடுகிறதம்மா" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். "குடிக்காமல் எப்படியிருப்பது, சித்தப்பா?" என்றார் தமக்கையார். ஒரு விஷயத்தில் மட்டும் இருவரும் ஒன்றுபட்டனர்: கீழணையைத் தாண்டிக் கடலுக்குப் போகும் நீரெல்லாம் வீணே என்பது.

வீணா? அடுத்த வாரம் யான் பிச்சாவரத்தில் படகேறியபோது இக்கேள்வி மனத்தைவிட்டு அகலவில்லை. படகோட்டிய முதியவர் இருளர் வகுப்பினர். நீரில் இறங்கிக் கையினால் தடவி இறால் பிடிப்பது அவர்களுடைய குலத்தொழில். ஆற்றுவெள்ளம் நன்றாக வந்த வருஷத்தில் இறால் உண்டென்றும், வராத வருஷத்தில் உப்புத்தான் மிஞ்சுமென்றும் அவர் சொன்னார். அவர் கூற்று சாஸ்திரத்திற்கும் ஒத்ததே. அலையாத்தி மரங்கள் உப்பைப் பொறுப்பவை; உப்பை விரும்புபவையல்ல. நன்னீரும் கடல்நீரும் கலந்தவிடத்தில் அவை செழிக்கும். உப்பு மிஞ்சினால் கன்றுகள் குறுகிப்போம், மென்மையான இனங்கள் மறைந்து வெண்கண்டல் போன்ற வன்மையுடையவை மட்டும் எஞ்சும். இறாற்குஞ்சுகள் வளர்வதும் அக்கலப்பு நீரிலேயே.

உப்பு என்ன செய்யுமென்பதை இக்காடு முன்னரே கண்டிருக்கின்றது. 1970 ஆம் ஆண்டளவு வரையில் இங்கு பகுதி பகுதியாக மரங்களை அடியோடு வெட்டிவந்தனர். வெட்டவெளியான நிலம் வெயிலிற் காய்ந்து தாழ்ந்து தொட்டிபோலாயிற்று. உட்புகுந்த அலைநீர் வெளியேறாது தேங்கி வற்ற, உப்பு படிந்து ஒரு கன்றும் முளைக்கவில்லை. 1990க்குப் பின்னர் மா. சா. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் வனத்துறையாரும் மீன்முள்ளைப்போல் வாய்க்கால்கள் வெட்டி நீர் ஏறியிறங்க வழிசெய்தபின் காடு மீண்டது. 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை வந்தபோது, இக்காட்டின் பின்னிருந்த கிராமங்கள் வெளியிலிருந்தவற்றினும் குறைந்த சேதமே அடைந்தன.

இனித் தீர்ப்பைக் காண்போம். காவிரி நடுவர் மன்றம் 2007 இல் ஆற்றின் நீரை 740 டி.எம்.சி. எனக் கணக்கிட்டது, உச்ச நீதிமன்றம் 2018 இல் தமிழ்நாட்டிற்கு 404.25, கர்நாடகத்திற்கு 284.75, கேரளத்திற்கு 30, புதுச்சேரிக்கு 7 என முடிவு செய்தது. சுற்றுச்சூழலுக்கு 10. கடைசியில், தவிர்க்கவியலாது கடலிற் கலப்பதற்கு 4. அச்சொல்லைக் கவனியுங்கள்: தவிர்க்கவியலாது! பானையின் ஓட்டையைக் கணக்கெழுதுவதுபோற் கடலின் பங்கை எழுதியிருக்கின்றனர். இருளரின் இறாலும் ஒரு மகசூலென்று எவரும் எண்ணியதாகத் தோன்றவில்லை.

வெள்ளக்காலத்தில் கடலுக்கு மிகுதியாகப் போகின்றதேயென்பர். மெய்தான். ஆனால் ஒரு வாரத்து வெள்ளம் பங்குனி வெயிலுக்குத் துணையாகாது. மழை ஓய்ந்தபின் தை முதல் சிறிதளவேனும் தொடர்ந்து ஒழுகும் நீரே காட்டிற்கு வேண்டுவது. அவ்வொழுக்கு நின்றால் உப்புநீர் கொள்ளிடத்தில் மேலேறிக் கரையோரக் கிணறுகளையும் கெடுக்கும். அப்பொழுது உழவரும் வருந்துவர்.

எனினும் நீர் பொய்த்த ஆண்டில் இதனைச் சிறிய தந்தையாரிடம் சொல்ல யான் துணியேன். வாடுவது அவர் பயிரல்லவா? அவ்வித ஆண்டுகளில் மாநிலங்களின் பங்குகள் விகிதப்படி குறையவேண்டுமென்பது தீர்ப்பிலேயே உள்ள விதி. அவ்விதியைக் கீழணைக்குக் கீழும் நீட்டி, வயலுக்கும் பட்டணத்திற்கும் குறைவதுபோலக் காட்டிற்கும் குறைப்பாராக, ஒரேயடியாக மதகடைக்காதிருப்பாராக.